ஓய்வுபெறும் அதிபருக்கு வாழ்த்து மடலா, பாராட்டு மடலா?

கொட்டகலைக் குமரன்:
அடுத்த மாதம் எங்கள் பாடசாலை அதிபருக்குச் சேவைநலன் பாராட்டு விழா. பழைய மாணவர் சார்பில் ‘வாழ்த்து மடல்’ என்று தலைப்புப் போட்டு அச்சுக்குக் கொடுக்கப் பார்க்கிறார்கள். 60 வயதானவரை நாம் வாழ்த்துவதா? அது பெரியவர் சிறியவருக்குச் செய்வது. ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்று மேடையில் சொல்வது சும்மாவா? ‘பாராட்டு மடல்’ என்று மாற்ற வேண்டும்.

பசறைப் பையன்:
தம்பி, அது மேடைக்காரர்கள் பிடித்துக்கொண்ட வசனம். பெரியாழ்வார் பெருமாளுக்கே பல்லாண்டு பாடினார், அவர் என்ன பெருமாளுக்கு மூத்தவரா? தொல்காப்பியத்தில் புறநிலை வாழ்த்து என்று ஒன்று உண்டு: நீ கும்பிடும் தெய்வம் உன்னைக் காக்க, உன் வழிவழி செழிக்க என்பது. பாடுகிறவன் வயதை அங்கே யாரும் கேட்கவில்லை. பார்க்கப்போனால் ‘பாராட்டு’தான் இடிக்கிறது. பாடசாலையில் யார் யாரைப் பாராட்டுவார்? ஆசிரியர் பிள்ளையை!

கொட்டகலைக் குமரன்:
பெரியாழ்வார் பொங்கும் பரிவால், ஒரு தாய் இடத்தில் நின்று பாடினார் என்றுதான் வைணவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். அப்போ அங்கேயும் பெரியவர் இடம்தானே? அதோடு, வாழ்த்து இனி நடக்க வேண்டியதற்கு, பாராட்டு செய்து முடித்ததற்கு. ஓய்வுபெறுகிறவருக்கு எது பொருத்தம்?

நோர்வூட் ரோஜா:
இரண்டு பேருக்கும் தலைப்புத்தான் கவலை. உள்ளே என்ன எழுதியிருக்கிறது? போன வருடம் எங்கள் பக்கத்தில் ஒருவரை ‘கல்விக் கலங்கரை விளக்கே’ என்று வாசித்தார்கள். இந்த மலையில் எந்தக் கப்பலுக்கு? பெயரை எடுத்துவிட்டால் அந்த மடல் யாருக்கும் பொருந்தும். ராஜராஜ சோழன் (985–1014) மெய்க்கீர்த்தியை, அதுதான் கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழைப் பாருங்கள். வேங்கை நாடு, கங்கபாடி, ஈழமண்டலம் என்று பிடித்த இடங்களை வரிசையாகச் சொல்கிறது. அந்த மாதிரி, அதிபர் என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

பசறைப் பையன்:
அக்கா, மெய்க்கீர்த்தி அரசனுடைய ஆட்களே வெட்டி வைத்தது. அதிபரே எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும். (அப்படியும் சில விழாக்கள் நடக்கின்றன, பேர் வேண்டாம்.)

நோர்வூட் ரோஜா:
அப்படியென்றால் எங்கள் ஆயாமார் வைக்கும் ஒப்பாரியைக் கேளுங்கள். எந்த மலையில் கொழுந்தெடுத்தாள், எத்தனை பிள்ளையைக் கரை சேர்த்தாள், எல்லாம் அதில் வரும். விளக்கும் இல்லை, விடிவெள்ளியும் இல்லை. அதைக் கேட்க உரியவர் இருக்க மாட்டார், அதுதான் குறை.

கொட்டகலைக் குமரன்:
சரி, அவர் நடத்திய மாலை வகுப்பையும், ஒழுகின கூரைக்கு அலைந்து தகரம் வாங்கியதையும் சேர்க்கச் சொல்கிறேன். தலைப்பு பாராட்டு மடல்தான்.

பசறைப் பையன்:
விழாவே பாராட்டு விழா. மடலிலாவது மனுசனை வாழ்த்துங்கள், தம்பி.