விரிவுரையாளரின் பல்பண்பாட்டு அணுகுமுறையை எப்படி அளப்பது?

வணக்கம். சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்களுக்கு மென்திறன் பயிற்சி நடத்துகிறேன். காது கொடுத்துக் கேட்பது, மனம் நோகாமல் குறை சொல்வது, பல நாட்டு மாணவர்கள் இருக்கும் வகுப்பை நடத்துவது, இவைதான் பாடம். ஆகஸ்ட் பருவத்தில் தொடங்கினோம். அடுத்த குழு ஜனவரியில் வருகிறது.

பயிற்சியால் மாற்றம் வந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சென், ஸ்டாரோஸ்டா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000-இல் வெளியிட்ட, 24 கூற்றுகள் கொண்ட பண்பாட்டிடை உணர்திறன் அளவுகோலை, அதாவது வேறு பண்பாட்டினரோடு பழகும் விதத்துக்குத் தமக்குத் தாமே மதிப்பெண் போடும் படிவத்தை, பயிற்சிக்கு முன்னும் பின்னும் கொடுத்தேன். தொடக்கத்திலேயே எல்லாரும் தங்களுக்கு உயர்ந்த மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் ஏற இடம் ஏது? நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள ஊரில் வளர்ந்தவர்கள், எல்லா இனத்தாரோடும் நன்றாகப் பழகுவதாக மனதார நம்புகிறார்கள். மாணவர்கள் என்னிடம் தனியாகச் சொல்வது வேறு. சட்டென்று கை தூக்குபவர்களுக்கே வாய்ப்பு போகிறதாம். வெளிநாட்டிலிருந்து வந்து பேசத் தயங்கும் பிள்ளைக்கு ஆர்வமே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

பெயர் போடாத கருத்துப் படிவத்தை மாணவர்களிடம் கொடுத்தேன். பாடம் கடினம் என்றே எழுதினார்கள். பின்வரிசையில் அமர்ந்து கவனிக்க அனுமதி கேட்டேன். பணி மதிப்பீட்டில் சேர்ந்துவிடுமோ என்று ஆசிரியர்கள் தயங்கினார்கள். நியாயமான பயம்தான். நடித்துக் காட்டும் பயிற்சியில் அழகாகச் செய்கிறார்கள், வகுப்புக்குப் போனால் பழையபடிதான்.

மதிப்பீட்டுப் பயம் இல்லாமல், ஆசிரியர் வகுப்பில் உண்மையில் நடந்துகொள்ளும் விதத்தைப் பதிவுசெய்ய உங்கள் கல்லூரியிலோ பள்ளியிலோ எந்த முறை பலன் தந்தது?