காது சில்லிட்டால் பயப்பட வேண்டுமா? குளிரில் பிறக்கும் குட்டிகளும் கன்றுகளும்: சில அனுபவங்கள்

உதகை அருகே செம்மறி வளர்ப்பவர்:

தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் மாதங்களில் சினை ஆடுகளை இரவில் கொட்டகைக்குள் அடைத்துவிடுகிறோம் என்றாலும், விடியற்காலையில் பிறக்கும் குட்டிகளைக் குளிர் தீண்டாமல் காப்பது எளிதல்ல. தாயின் வயிற்றுக்குள் தாயைவிடச் சற்றே கூடுதலான வெப்பத்தில் இருந்த குட்டி, பனிக்குட நீர் சொட்டச் சொட்ட, புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும் காற்றில் வந்து விழுகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது உடலின் சூட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகிறது. தாய் ஆடு விடாமல் நக்கித் துடைப்பது வெறும் பாசம் மட்டுமல்ல, குட்டிக்குக் கிடைக்கும் முதல் வைத்தியமும் அதுவே.

கடந்த தை மாதம் ஒரே விடியலில் இரண்டு ஆடுகள் ஈன்றன. முதல் குட்டியின் காதைத் தொட்டால் ஐஸைத் தொட்டது போல இருந்தது. குளம்புக்கு மேலே கால்களும் அப்படியே சில்லிட்டிருக்க, உடம்பு கிடுகிடுவென நடுங்கிக்கொண்டிருந்தது. "இது தேறாதுப்பா" என்றார் பக்கத்துப் பட்டிக்காரர். நான் குட்டியின் வாய்க்குள் விரலை விட்டேன். உள்ளே நல்ல சூடு இருந்தது; நாக்கைச் சுருட்டி விரலைச் சப்பவும் செய்தது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தபோது 101 டிகிரிக்கு மேல் காட்டியது. சிறிது நேரத்தில் தானாக எழுந்து மடியைத் தேடிப் போய்விட்டது.

என்னைக் கலங்க வைத்தது இரண்டாவது குட்டிதான். தலையீற்று ஆடு என்பதால் தாய் அதைச் சரியாக நக்காமல் விலகியே நின்றது. இருட்டோடு பிறந்த அந்தக் குட்டியை வெயில் ஏறிய பிறகுதான் மூலையில் கண்டோம். அதன் காதும் முதல் குட்டியின் காதைப் போலத்தான் சில்லிட்டிருந்தது, ஆனால் நடுக்கம் என்பதே இல்லை. சாதுவாகப் படுத்திருந்தது. வாய்க்குள் விரல் வைத்தால் அங்கேயும் குளிர்ச்சி; சப்பவில்லை. தெர்மாமீட்டரின் பாதரசம் 94-ஐ விட்டு நகரவில்லை, அதற்குக் கீழே அதில் கோடும் கிடையாது. நமக்கு இயல்பான 98.6 டிகிரி ஃபாரன்ஹீட் ஆட்டுக்குட்டிக்கு ஆபத்தின் எல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அது எந்த நிலையில் இருந்தது என்பது புரியும். மருத்துவர் வந்து வயிற்றுக்குள் குளுக்கோஸ் செலுத்தி, அதன் பிறகே சூடேற்றச் சொன்னார்; மாலையில் குட்டி எழுந்தது. இரண்டு குட்டிகளுக்கும் காது ஒரே மாதிரி இருந்தபோது ஏன் ஒன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, மற்றொன்று ஏன் சாவின் விளிம்புக்குப் போனது என்று அறிந்தவர்கள் விளக்கினால், மலையில் ஆடு வளர்க்கும் எல்லாருக்கும் பயன்படும்.

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர்:

மேலே எழுதியவர் காதை நம்பாமல் வாயையும் ஆசனவாயையும் பார்த்தது மிகச் சரியான செயல். குளிர் பட்டவுடன் பிறந்த குட்டியின் உடல் தோல், காது, கால் ஆகியவற்றின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, அங்கே ஓடவேண்டிய ரத்தத்தை உள்ளே திருப்பிவிடுகிறது. வெளிப்புறத்தில் சுற்றும் ரத்தம் குறைந்தால் காற்றுக்குப் பறிபோகும் சூடும் குறையும். ஆகவே சில்லிட்ட காது, உடல் தன்னைக் காத்துக்கொண்டிருக்கிறது என்பதையே காட்டுகிறது. அந்தக் காவல் வென்றதா தோற்றதா என்பதைக் காது சொல்லாது.

திருப்பிய ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் போவதோடு, பெரும் பங்கு நடுங்கும் தசைகளுக்கும் பழுப்புக் கொழுப்புக்கும் போகிறது. ஆட்டுக்குட்டியிலும் கன்றிலும் பெரும்பாலும் சிறுநீரகங்களைச் சுற்றி அமைந்திருக்கும் இந்தக் கொழுப்பின் ஒரே வேலை, நடுக்கமில்லாமல் சூட்டை உண்டாக்குவது. நல்ல நிலையில் பிறந்த குட்டி தன் உச்ச அளவில் உண்டாக்கும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி இதிலிருந்து வருகிறது. ஆனால் இருப்பு சிறிது. சீம்பால் உள்ளே போகாவிட்டால் சில மணி நேரத்தில் கையிருப்புக் கரைந்து, நடுக்கமும் நின்று, உடல் வெப்பம் சரிகிறது. இரண்டாவது குட்டியின் 'சாதுத்தனம்' அதுதான். நடுங்குகிற குட்டியைக் கண்டால் எனக்கு நிம்மதி. குளிரில் நடுங்காமல் கிடக்கும் குட்டியைக் கண்டால்தான் கை வேகமாக இயங்கும்.

பலரும் கவனிக்காத ஒன்று நுரையீரல். கருவில் இருக்கும்போது நுரையீரலுக்குச் செல்லும் ரத்தம் மிகக் குறைவு. தாயின் நஞ்சுக்கொடியே அந்த வேலையைச் செய்கிறது. முதல் மூச்சோடு நுரையீரல் குழாய்கள் விரிந்து, அதுவரை ரத்தத்தை வேறு பக்கம் கடத்திக்கொண்டிருந்த இணைப்புக் குழாய் சில மணி நேரத்தில் சுருங்கி மூடத் தொடங்குகிறது. கடினமான பிரசவத்தால் ஆக்சிஜன் குறைந்து, கூடவே கடுங்குளிரும் தாக்கினால், விரிந்த குழாய்கள் மீண்டும் சுருங்கக்கூடும். ஆக்சிஜன் குறைந்தால் வெப்பம் உண்டாக்குவதும் குறையும், வெப்பம் குறைந்தால் இதயத் துடிப்பும் மந்தமாகும். இழுத்து எடுத்த கன்று குளிரில் சீக்கிரம் துவண்டுபோவதற்குக் காரணம் இந்தச் சுழல்தான்.

குளிரில் இறந்த குட்டிகளை அறுத்துப் பரிசோதித்தபோது பின்னங்கால்களின் கீழ்ப்பகுதியில் தோலுக்கடியில் மஞ்சள் நிறத்தில் ஜெல்லி போன்ற நீர்க்கோப்பைப் பார்த்திருக்கிறேன். ரத்த ஓட்டம் நெடுநேரம் தடைப்பட்டிருந்த இடங்கள் அவை. வயிற்றில் பால் இருக்காது. சிறுநீரகத்தைச் சுற்றியிருந்த கொழுப்பு கரைந்து போயிருக்கும். குடலுக்குச் செல்லும் ரத்தமும் குளிரில் குறைவதால், சீம்பாலின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் உடலில் சேர்வதும் தாமதமாகிறது. ஏறத்தாழ ஒரு நாளுக்குள் குடலின் அந்தக் கதவே மூடிவிடும் என்பதால், குளிரில் பிழைத்த கன்று இரண்டாவது வாரத்தில் கழிச்சலில் சாவதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சூடேற்றும் முறையில் அவசரம் கூடாது. ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிறுவனத்தில் 1980-களில் செம்மறிக் குட்டிகளுக்காக வகுக்கப்பட்ட வழிமுறையையே நான் பின்பற்றி வந்தேன். வெப்பம் 37-க்கும் 39 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் இருந்தால் துடைத்து உலர்த்தி, கிலோவுக்கு 50 மில்லி வீதம் சீம்பால் கொடுத்தால் பெரும்பாலும் போதும். 37-க்குக் கீழே இறங்கி, பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேலும் ஆகியிருந்தால், முதலில் வயிற்றறைக்குள் (இரைப்பைக்குள் அல்ல, குடலைச் சூழ்ந்த இடத்துக்குள்) ஊசி மூலம் 20 சதவீதக் குளுக்கோஸ் கரைசலைக் கிலோவுக்கு 10 மில்லி வீதம், உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிச் செலுத்த வேண்டும், பிறகுதான் சூடு. அப்போதைக்கு ரத்தத்தில் சர்க்கரை அற்றுப் போயிருப்பதால், குளுக்கோஸ் இல்லாமல் சூடேற்றினால் மூளை விழித்துக்கொண்டு சர்க்கரை கேட்கும், கிடைக்காது, குட்டி வலிப்பு வந்து இறந்துவிடும். ஊசியைக் கற்றவர்தான் போட வேண்டும். சப்பாத குட்டியின் வாயில் பாலை ஊற்றவே கூடாது; அது நுரையீரலுக்குள் போய்விடும். கால்களை மட்டும் பரபரவென்று தேய்ப்பதும் நெருப்பில் காட்டுவதும் வேண்டாம். உட்பகுதி குளிர்ந்திருக்கும்போது வெளிக்குழாய்கள் திடீரென விரிந்தால், ரத்த அழுத்தம் இறங்கி, கால்களில் தேங்கிய குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது.

கனடாவில் மாட்டுப் பண்ணையில் பணிபுரிபவர்:

சஸ்காட்சுவான் மாகாணத்தில் மாட்டிறைச்சிப் பண்ணைகள் பலவற்றில் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே கன்று ஈனும் காலம் தொடங்கிவிடுகிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்பது அங்கே சாதாரணம். மருத்துவர் சொன்ன காவலுக்கு உடல் கொடுக்கும் விலையை இங்கே கண்ணால் பார்க்கலாம். உயிர் தப்பிய கன்றுகளில் சிலவற்றுக்குக் காதின் நுனி கறுத்து, காய்ந்து, சில வாரங்களில் உதிர்ந்துவிடுகிறது. வால் நுனிக்கும் அதே கதி நேர்வதுண்டு. காது மொட்டையான மாடு மந்தையில் நின்றால், அது கடுங்குளிரில் பிறந்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம்.

உறைந்து கிடக்கும் கன்றை நாங்கள் தலை மட்டும் வெளியே தெரியும்படி 38 முதல் 40 டிகிரி வெந்நீரில் அமிழ்த்தி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறோம். தண்ணீர் வேகமாக ஆறுவதால் வெந்நீரைச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உடல் முழுவதையும் ஒருசேரச் சூடாக்குவதால் விளக்கின் அடியில் வைப்பதைவிடக் கன்றுக்குத் தன் சக்தி குறைவாகச் செலவாகிறது என்பது என் அனுபவத்திலும் தெரிகிறது. வெளியே எடுத்ததும் துண்டால் துடைத்து, ரோமத்தின் அடிவரை உலர்ந்த பிறகே தாயிடம் விடுகிறோம்.

நாமக்கல் பகுதியில் வெண்பன்றி வளர்ப்பவர்:

உறைபனியும் கனடாவும் பேசப்படும் இடத்தில் சமவெளிக்காரன் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மார்கழி இரவில் எங்கள் கொட்டகைக்குள் 20 டிகிரி இருக்கும். நமக்கு ஒரு போர்வை போதும், தாய்ப்பன்றிக்கு அதுவும் வேண்டாம். ஆனால் அன்று பிறந்த பன்றிக்குட்டிக்கு ஏறத்தாழ 34 டிகிரி தேவை. மேலே சொன்ன பழுப்புக் கொழுப்பு பன்றிக்குட்டிக்கு அறவே கிடையாது. ரோமமும் பெயருக்குத்தான். ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள அந்த உடம்பு நடுக்கத்தை மட்டுமே நம்பிப் பிழைக்க வேண்டியிருக்கிறது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அவற்றின் உடல் வெப்பம் இரண்டு டிகிரிக்கும் மேலாகச் சரிவதைப் பலமுறை அளந்திருக்கிறேன். தோல் இளஞ்சிவப்பிலிருந்து வெளிறி, காது ஓரம் நீலம் பாய்கிறது. குட்டிகள் சூட்டுக்காகத் தாயின் வயிற்றோடு ஒண்டிக்கொள்கின்றன. குளிரில் மந்தமானதால் தாய் புரண்டு படுக்கும்போது விலகத் தெரியாமல் நசுங்கிப் போகின்றன. பண்ணைக் கணக்கில் இவற்றை 'நசுங்கிச் செத்தது' என்றுதான் எழுதுகிறோம், ஆனால் பல குட்டிகளை உண்மையில் கொன்றது குளிர் என்பதே என் கருத்து.

ஈனும் அறையின் ஒரு மூலையை மரப்பலகையால் தடுத்து, குட்டிகள் மட்டும் நுழையும் அளவுக்கு வழி விட்டு, உலர்ந்த வைக்கோலோ சாக்கோ விரித்து, மேலே அகச்சிவப்பு விளக்கைத் தொங்கவிட்டிருக்கிறோம். விளக்கின் உயரத்தை நான் தெர்மாமீட்டரைக் கொண்டு முடிவு செய்வதில்லை. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் விளக்கைக் கீழே இறக்குகிறேன், ஓரத்துக்கு விலகிப் படுத்தால் மேலே ஏற்றுகிறேன், பக்கம் பக்கமாக நீட்டிப் படுத்திருந்தால் அப்படியே விட்டுவிடுகிறேன்.