பயோமெடிக்கல் சயின்ஸ் முதல் வருஷம்: எந்தப் புத்தகத்தைக் காசு போட்டு வாங்கலாம்?

கயல்:
பி.எஸ்சி. பயோமெடிக்கல் சயின்ஸ் சேர்ந்திருக்கேன். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். முதல் வருஷம் செல் பயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, அனாட்டமி-பிசியாலஜி. அப்புறம் மைக்ரோபயாலஜி, இம்யூனாலஜி, கடைசியில பேத்தாலஜி, பார்மகாலஜி. சிலபஸ்ல 14 புத்தகம் போட்டிருக்காங்க. சீனியர்ஸ் ஆளுக்கொண்ணு சொல்றாங்க. கையில 5,000 ரூபாய்தான் இருக்கு. எதை வாங்கணும்? பழைய எடிஷன் பரவாயில்லையா, ஜெராக்ஸ் போதுமா?

செல்வமணி:
முதல்ல அந்த 14-ஐயும் பிரிச்சுப் பாருங்க. அநேகமா பாடநூல் தனியா, மேற்கோள் நூல் தனியா போட்டிருப்பாங்க. மேற்கோள் நூல் எதையும் வாங்காதீங்க, அது லைப்ரரிக்கு. மூணு வருஷப் புத்தகத்தையும் இப்பவே வாங்கவும் வேண்டாம்.

செல் பயாலஜிக்கு ஆல்பர்ட்ஸோட பெரிய புத்தகத்தைத்தான் எல்லாரும் சொல்வாங்க. நல்ல புத்தகம்தான், ஆனா அது ஆயிரம் பக்கத்துக்கு மேல, எம்.எஸ்சி.க்கும் போதும். அதே குழு எழுதின 'எசென்ஷியல் செல் பயாலஜி' 20 அத்தியாயம்தான், முதல் வருஷத்துக்கு அளவானது. பயோகெமிஸ்ட்ரிக்கு லெனிஞ்சர். இது ஒண்ணைத்தான் சொந்தமா வெச்சுக்கச் சொல்வேன். என்சைம் கைனடிக்ஸ், மெட்டபாலிசம் ரெண்டும் பேத்தாலஜி, பார்மகாலஜி வரைக்கும் திரும்பத் திரும்ப வரும். ஹார்ப்பர் சுருக்கமா, அடர்த்தியா இருக்கும். விஷயம் தெரிஞ்சவங்களுக்கு வசதி, முதல் தடவை படிக்கிறவங்களுக்குத் தலை சுத்தும். லிப்பின்காட் பரீட்சைக்கு முன்னாடி புரட்ட மட்டும்.

யார் சொல்றதையும், என்னையும் சேர்த்து, அப்படியே நம்பாதீங்க. லைப்ரரியில ரெண்டு மூணு புத்தகத்தை எடுத்து, ஒரே தலைப்பை எல்லாத்துலயும் படிங்க. உதாரணத்துக்கு சோடியம்-பொட்டாசியம் பம்ப். படிச்சு முடிச்சதும் புத்தகத்தை மூடிட்டு, மூணு சோடியம் வெளிய, ரெண்டு பொட்டாசியம் உள்ள, செல்லுக்கு ஆற்றல் தர்ற ஏ.டி.பி.யோட பாஸ்பேட் எந்தக் கட்டத்துல ஒட்டுது, எப்ப கழலுதுன்னு படம் போட முடியுதா? எதைப் படிச்சப்போ முடிஞ்சுதோ அதுதான் உங்க புத்தகம்.

பிசியாலஜிக்கு கைட்டன் வாங்கிடுங்க, மூணு வருஷமும் ஓடும்.

நூர்ஜஹான்:
கைட்டன் விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். சிறுநீரகம், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு எல்லாம் அதுல அருமைதான். ஆனா அது அனாட்டமி புத்தகம் இல்ல, கயலோட பேப்பர் ரெண்டும் சேர்ந்தது. டார்ட்டோராவுல ரெண்டும் ஒரே இடத்துல இருக்கு, படங்களும் தெளிவு. காசு போட வேண்டாம்னா ஓப்பன்ஸ்டாக்ஸோட 'அனாட்டமி அண்ட் பிசியாலஜி' 28 அத்தியாயம், சட்டப்படியே இலவச பி.டி.எஃப். முதல் வருஷத்துக்கு அது போதும். கைட்டனை அடுத்த வருஷம் லைப்ரரியில எடுத்துக்கலாம்.

பழைய எடிஷன் கேள்விக்கு வருவோம். பயோகெமிஸ்ட்ரியில ஒண்ணு ரெண்டு எடிஷன் பழசானா பாதகமில்ல, கிளைகாலிசிஸ் மாறப்போறதில்ல. ரொம்பப் பழசான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. ஒரு குளுக்கோஸ் முழுசா எரிஞ்சா 36 இல்லன்னா 38 ஏ.டி.பி.ன்னு இருந்தா பழைய கணக்கு. இப்போ எலக்ட்ரானைச் சுமக்கற என்.ஏ.டி.எச்.சுக்கு 2.5, எஃப்.ஏ.டி.எச்.2-க்கு 1.5ன்னு வெச்சு 30 இல்லன்னா 32ன்னு போடுவாங்க. ஆசிரியர் எதை எதிர்பார்க்கிறார்னு கேட்டுக்கோங்க, இதுல மார்க் போகும்.

இம்யூனாலஜியில மட்டும் பழசு வேண்டாம். பின்னாடி இண்டெக்ஸ்ல பி.டி-1 (நோயெதிர்ப்புச் செல்லுக்கு பிரேக் மாதிரி இருக்கற புரதம்) எத்தனை பக்கம் வருதுன்னு பாருங்க. இந்த மாதிரி பிரேக்கை விடுவிச்சுப் புற்றுநோயை எதிர்க்க வைக்கிற செக்பாயின்ட் மருந்துகள்ல முதலாவதான இபிலிமுமாப் அமெரிக்காவில அனுமதி வாங்கினதே 2011-ல. அதுக்கு முந்தைய புத்தகத்துல புற்றுநோய் அத்தியாயம் பாதிதான். ஜெனடிக்ஸுக்கு இதே மாதிரி கிரிஸ்பரைத் தேடுங்க, ஜீன் எடிட்டிங் கருவியா அது வந்தது 2012-க்கு அப்புறம். இம்யூனாலஜிக்கு ஜேன்வே பெருசு. அப்பாஸோட 'பேசிக் இம்யூனாலஜி' சின்னது, அதுல ஆரம்பிங்க.

அமெரிக்க அரசோட என்.சி.பி.ஐ. புக்ஷெல்ஃப் தளத்துல ஆல்பர்ட்ஸ் நாலாம் பதிப்பு (2002) இலவசமா இருக்கு. பக்கம் பக்கமா புரட்ட முடியாது, சொல்லைப் போட்டுத் தேடினாத்தான் வரும். சந்தேகம் தீர்த்துக்க அது போதும்.

இளங்கோ:
ஜெராக்ஸ் பத்தி யாரும் சொல்லல. பயோகெமிஸ்ட்ரிக்கு ஓகே. ஹிஸ்டாலஜிக்கும் (திசுக்களை மைக்ரோஸ்கோப்ல பார்க்கற பாடம்) மைக்ரோபயாலஜிக்கும் கறுப்பு-வெள்ளை ஜெராக்ஸ் எடுத்தா காசு தண்டம். ஹீமடாக்ஸிலின் சாயத்துல நியூக்ளியஸ் நீல ஊதா, இயோசின் சாயத்துல சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பு. நிறம் போச்சுன்னா ஸ்லைடுல பார்க்க வேண்டியதே போச்சு. பாக்டீரியாவை வகை பிரிக்கற கிராம் ஸ்டெயினும் அப்படித்தான்: பாசிட்டிவ் ஊதா, நெகட்டிவ் இளஞ்சிவப்பு, ஜெராக்ஸ்ல ரெண்டுமே சாம்பல்.

இன்னொண்ணு, புத்தகம் எந்த நாட்டுதுன்னு பாருங்க. கைட்டன், டார்ட்டோரா அமெரிக்கப் புத்தகங்கள், குளுக்கோஸ் மி.கி./டெ.லி.ல இருக்கும். பிரிட்டிஷ் புத்தகத்துல மில்லிமோல்/லி. 90-ஐ 18-ஆல வகுத்தா 5, ரெண்டும் ஒண்ணுதான். ஆனா எல்லாத்துக்கும் 18 கிடையாது: கிரியாட்டினின் 1 மி.கி./டெ.லி.ன்னா 88.4 மைக்ரோமோல்/லி. ஒவ்வொரு பொருளோட மூலக்கூறு எடை வேற. பார்மகாலஜியில இன்னும் குழப்பம்: அமெரிக்கப் புத்தகமான கட்சங்ல அசிட்டமினோஃபென், எபிநெஃப்ரின், அல்பியூடரால்னு இருக்கும். நம்ம ஊர் மருந்துக்கடையில அதுங்கதான் பாரசிட்டமால், அட்ரினலின், சால்பியூடமால். ராங் அண்ட் டேல் பிரிட்டிஷ் புத்தகம், நமக்குப் பழகின பெயர்கள்.

கயல்:
ரொம்ப நன்றி. லெனிஞ்சரை பழைய புத்தகக் கடையில தேடறேன். மூர் மார்க்கெட்ல வாங்கும்போது எதைப் பார்க்கணும்? இங்கிலீஷ்ல நேரடியா படிச்சா ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகுது, அதுக்கும் ஏதாவது வழி சொல்லுங்க.

செல்வமணி:
டார்ட்டோரா விஷயத்துல நூர்ஜஹான் சொல்றது சரி, சேர்ந்த பேப்பர்னா அதுவே.

கடையில முதல்ல பதிப்பு எண்ணையும் வருஷத்தையும் உள்பக்கத்துல பாருங்க, அட்டையை நம்ப வேண்டாம். படம் மங்கலா, எழுத்து ஓரத்துல வெட்டுப்பட்டு இருந்தா திருட்டு அச்சு, விட்டுடுங்க. பக்கம் கழண்டிருக்கான்னு மெட்டபாலிசம் அத்தியாயங்களைப் புரட்டிப் பாருங்க, அதிகம் கைபட்டுக் கிழியறது அங்கதான்.

வேகத்துக்கு: பத்தியில ஆரம்பிக்காதீங்க. முதல்ல அந்த அத்தியாயத்துப் படங்களையும் கீழே இருக்கற விளக்கத்தையும் மட்டும் படிங்க, அப்புறம் கடைசிச் சுருக்கம், அப்புறம்தான் பாடம். தெரியாத எல்லாச் சொல்லுக்கும் அகராதி புரட்டாதீங்க. ஒரே பக்கத்துல மூணு தடவை வர்ற சொல்லை மட்டும் எழுதி வெச்சுக்கோங்க.