ஏற்காட்டுப் பள்ளி ஆய்வகத்துக்கு அன்சிபிள்: ஆப்ட்டா, பிப்பா?

ஏற்காட்டுக்காரன்: மலைமேல் ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்தைக் கவனிக்கிறேன். என் கணினியில் உபுண்டு இயங்குதளத்தின் 24.04 பதிப்பு, மாணவர் கணினிகளில் இன்னும் 18.04. எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து நிர்வகிக்க உதவும் அன்சிபிள் மென்பொருளை, பைத்தான் நிரல்மொழியின் நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவப் பார்த்தேன். பைத்தான் சூழல் உபுண்டுவின் பொறுப்பில் இருக்கிறது என்று சொல்லி மறுக்கிறது. மழை வலுத்தால் இங்கே இணையம் போய்விடும். என்ன வழி?

கொண்டலாம்பட்டி: கட்டளையோடு 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்று சேருங்கள், நிறுவிவிடும். உபுண்டுவின் சொந்த நிறுவும் கருவியான ஆப்ட்டில் கிடைப்பது பழைய பதிப்பு.

அஸ்தம்பட்டி: தயவுசெய்து வேண்டாம். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தானில்தான் ஓடுகின்றன. ஆப்ட் வைத்த நிரல் நூலகத்தை பிப் கொண்டுவந்தது மறைத்துவிட்டால் அவையும் படுத்துவிடும். அதைத் தடுக்கத்தான் பெப் 668 என்ற பைத்தான் விதிமுறை வந்தது.

பழைய பதிப்பு என்று தள்ளுகிறீர்களே, இவருக்கு அந்தப் பழையதுதான் வேண்டும். 18.04-இல் இருப்பது பைத்தான் 3.6. அன்சிபிளின் மையப் பகுதியான அன்சிபிள்-கோரில் 2.17 முதல், நிர்வகிக்கப்படும் கணினியில் குறைந்தது பைத்தான் 3.7 இருக்க வேண்டும். 24.04-இன் ஆப்ட் தருவது 2.16. அது 3.6-ஐ ஏற்கும். புதியதைப் போட்டால் மாணவர் கணினிகளில் ஏறக்குறைய எந்த வேலையும் நடக்காது.

கொண்டலாம்பட்டி: அதற்கு ஆப்ட்தான் வழியா? பைத்தானுக்கு மெய்நிகர் சூழல் ஒன்றை, அதாவது மற்றவற்றோடு கலக்காத தனி இடத்தை, அமைத்து, அதற்குள் 2.16 என்றே குறிப்பிட்டு நிறுவலாமே. உபுண்டுவின் நூலகங்களைத் தொடாது. சேலத்தில் 'பிப் டவுன்லோட்' செய்து பென் டிரைவில் எடுத்துப் போங்கள். நிறுவும்போது 'நோ-இண்டெக்ஸ்' கொடுத்து, கோப்புகள் உள்ள இடத்தைக் காட்டினால் இணையமே தேவையில்லை.

அஸ்தம்பட்டி: தரவிறக்கும் கணினியில் 22.04 இருந்தால் பைத்தான் 3.10. ஏற்காட்டில் 3.12. அன்சிபிளுக்குத் தேவையான பையாம்எல், மார்க்அப்சேஃப் போன்ற நூலகங்களின் வீல் கோப்புகள் (பிப் நிறுவும் ஆயத்தத் தொகுப்புகள்) ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் தனித்தனி. கோப்பின் பெயரில் சிபி310 (பைத்தான் 3.10-க்கானது) என்றிருப்பதை 3.12 ஏற்காது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போன பிறகா அதைக் கண்டுபிடிப்பது? மெய்நிகர் சூழலுக்கான 'பைத்தான்3-வெனவ்' தொகுப்பையும் ஆப்ட்டில்தான் வாங்க வேண்டும். பிறகு ஏன் இந்தச் சுற்று?

கொண்டலாம்பட்டி: 24.04 உள்ள கணினியில் தரவிறக்கினால் அந்தச் சிக்கல் இல்லை. அடுத்த ஆண்டு வேறு பதிப்பு தேவைப்பட்டால், இன்னொரு சூழலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ஆப்ட்டில் அது முடியாது. 18.04-க்கான வழக்கமான ஆதரவு 2023-லேயே முடிந்துவிட்டது. ஆய்வகத்தை எப்படியும் மாற்றத்தான் போகிறார்.

ஏற்காட்டுக்காரன்: மாற்றும்வரை ஆப்ட் போதும். இணையம் இருக்கும்போதே முடித்துவிடுகிறேன். மாணவர் கணினிகளிலும் அன்சிபிள் நிறுவ வேண்டுமா?

அஸ்தம்பட்டி: வேண்டாம், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் இருந்தால் போதும். உபுண்டு டெஸ்க்டாப்பில் அது தானாக வராது. முதல் முறை ஒவ்வொரு கணினியிலும் நீங்களே உட்கார்ந்து நிறுவ வேண்டியிருக்கும்.