உதவி: படகு ட்ரெய்லர் 90ல் வாலாட்டுகிறது, அவசரம்

சிம்கோ_காத்து (காலை 10:12)
வணக்கம். குடும்பத்தோடு ஒரு வாரப் பயணம், கனடாவின் ஒன்ராறியோவில் சிம்கோ, மஸ்கோகா, நிப்பிசிங் மூன்று ஏரியிலும் பாய் விரிப்பதுதான் திட்டம். 11ஆம் நெடுஞ்சாலையில் ஒரிலியா தாண்டியதும் வேகம் 90 கிலோமீற்றரைத் தொட்டால் ட்ரெய்லர் இடமும் வலமும் ஆடி காரையும் சேர்த்து இழுக்கிறது. மனைவி இனி ஓர் அடி நகர மாட்டேன் என்கிறார். கிரேவன்ஹர்ஸ்ட்டில் கோப்பிக் கடை வாசலில் நிற்கிறோம். என்ன பிழை? கெதியாகச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ_சில்லு (10:19)
என்ன கார், என்ன படகு, எத்தனை கிலோ? ஒன்றுமே சொல்லவில்லையே. ரயர் காற்றுப் பார்த்தீர்களா? சின்ன ட்ரெய்லர் ரயருக்குக் கார் ரயரைவிட அதிகக் காற்று வேண்டும், பக்கத்தில் எழுதியிருக்கும் அளவுக்கு அடியுங்கள். கார் மாதிரி 32 வைத்தால் களி மாதிரி நெளியும்.

மார்க்கம்_மாமா (10:24)
காற்று இல்லை, பெயாரிங். சில்லின் நடுவில் கையை வைத்துப் பாரும், சுட்டால் அதுதான். ஓடி வந்த சூட்டோடு குளிர்ந்த ஏரிக்குள் இறக்கினால் உள்ளே தண்ணீரை உறிஞ்சிவிடும், கிரீஸ் பாழ். எனக்கு இரண்டு முறை நடந்தது.

கரையூர்_கப்டன் (10:31)
தம்பி, இந்தக் கேள்வியை மாதத்துக்கு ஒருவர் கேட்கிறார், பழையதைத் தேடிப் படித்துவிட்டு வர ஒருவருக்கும் நேரமில்லை. ட்ரெய்லர் ஆடினால் முதலில் பார்க்க வேண்டியது பாரம் பின்னால் கிடக்கிறதா என்று. மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் கொக்கியில் இறங்க வேண்டும், 300 கிலோ என்றால் 30 முதல் 45. குளியலறைத் தராசை ட்ரெய்லரின் மூக்குக்குக் கீழே வைத்து நிறுத்துப் பாரும். மோட்டாரைப் பின்னால் தொங்கவிட்டிருப்பீர். ஆட்டம் தொடங்கினால் பிரேக்கை மிதிக்கக்கூடாது, காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். இதெல்லாம் படகு வாங்குமுன் படிக்க வேண்டியவை.

சிம்கோ_காத்து (10:40)
கார் ரவ்4. படகு 14 அடி, பழசு, பெயர் அழிந்துவிட்டது. மோட்டாரே இல்லை. சாமான் எல்லாம் காருக்குள். ரயர் சரி, சில்லு சுடவில்லை.

நோர்த்பே_அக்கா (10:46)
வீட்டிலிருந்து சிம்கோ வரை எப்படி வந்தது? ட்ரெய்லர் கொக்கி 2 அங்குலம், அது மாட்டும் காரின் பின்பந்தும் 2 அங்குலம்தானே? 1 7/8 பந்தில் மாட்டியிருந்தால் கழன்றே போகும். அப்புறம், சிம்கோவில் படகை வெளியே எடுத்ததும் வடிகால் தக்கையைக் கழற்றினீர்களா? 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் அது சட்டம், தக்கையைத் திறந்து, ஒட்டியிருக்கும் களையையும் எடுத்துவிட்டுத்தான் ரோட்டில் ஏற்றலாம்.

மார்க்கம்_மாமா (10:53)
தக்கைக்கும் சட்டமா! ஏரிக்கு ஏரி படகோடு பரவும் அந்தச் சின்ன வரிச்சிப்பியைத் தடுக்கத்தானே இது, அதைக் கொண்டுவந்தது கடல் கடந்து வந்த பெரிய கப்பல்கள், தண்டனை நம் 14 அடிப் படகுக்கு. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போனது, ஒருவரும் தக்கையைக் கேட்கவில்லை.

கரையூர்_கப்டன் (10:57)
மாமா, அன்னபூரணி ட்ரெய்லரில் போகவில்லை. ஓர் அமெரிக்கர் வாங்கி, புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயரையும் மாற்றினார். சொல்வதென்றால் முழுதாகச் சொல்லுங்கள்.

ஸ்காபரோ_சில்லு (11:01)
பெயரை யார் மாற்றினால் என்ன, ஓட்டிப் போனது வல்வைப் பெடியள்தானே?

நோர்த்பே_அக்கா (11:04)
ஐயாமாரே, கப்பலை விடுங்கள். மனிதர் பிள்ளைகளோடு நடுவழியில் நிற்கிறார். தம்பி, தக்கை?

சிம்கோ_காத்து (11:09)
பந்து 2 அங்குலம்தான். ரொறன்ரோவிலிருந்து பாரி வரை 110ல் வந்தேன், ஓர் ஆட்டமும் இல்லை. சிம்கோவில் இரண்டு நாள் ஓடின பிறகுதான் இது. தக்கை என்றால் எது? பின்பக்கம் கீழே பித்தளை மூடி மாதிரி ஒன்று, அதுவா?

கரையூர்_கப்டன் (11:11)
110ஆ!

நோர்த்பே_அக்கா (11:15)
அதுவேதான். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சம். இந்த மாதிரிப் பழைய படகுகள் பலவற்றுக்கு இரட்டைத் தோல், எங்காவது வெடிப்பு இருந்தால் தண்ணீர் இடையில் போய் நிற்கும், மேலே பார்த்தால் தெரியாது. 100 லீற்றர் நின்றால் 100 கிலோ. ட்ரெய்லரில் மூக்குத் தூக்கி இருப்பதால் அவ்வளவும் பின்னால் ஓடும், கொக்கியில் பாரம் குறையும், வளைவில் அலம்பும். திறவுங்கள். ஆனால் ஏரிக்கரையில் வேண்டாம், கானுக்குள்ளும் வேண்டாம். சிம்கோவில் வரிச்சிப்பி இருக்கிறது, அதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, அந்தத் தண்ணீர் மஸ்கோகாவுக்குள் போகக்கூடாது. தள்ளி எங்காவது புல்தரையில் விடுங்கள்.

சிம்கோ_காத்து (பகல் 1:38)
இருபது நிமிடம் ஓடியது, நிற்கவே இல்லை. பிரேஸ்பிரிட்ஜ் வரை 90ல் வந்து பார்த்தேன், ஆட்டம் இல்லை. நன்றி அக்கா. மனைவியும் ஏறிவிட்டார்.

கரையூர்_கப்டன் (1:44)
பாரம் பின்னால் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

மார்க்கம்_மாமா (1:50)
வெடிப்பு எங்கே என்று பார்க்காமல் நிப்பிசிங்கில் இறக்க வேண்டாம். ஆழமில்லாத ஏரி, காற்று எழும்பினால் கிட்டக் கிட்டச் செங்குத்தாக அலை வரும், பாதி நிரம்பிய படகு தாங்காது.

நோர்த்பே_அக்கா (1:53)
மாமா சொல்வது இந்த முறை சரி. தம்பி, வெடிப்பைக் கண்டுபிடித்தீர்களா?

நோர்த்பே_அக்கா (மறுநாள் மாலை 6:20)
தம்பி?

ஸ்காபரோ_சில்லு (7:05)
அன்னபூரணிக்கு எத்தனை பாய்மரம் என்று யாருக்காவது தெரியுமா?