நூல் அறுந்தால் அது செய்வதா, படுவதா?

சோமனூர் தறிக்காரன்:
சொந்தமாக ஒரு மொழி கட்டிக்கொண்டிருக்கிறேன், ராத்திரி ஷிப்டில் தூக்கம் வராமலிருக்க ஏதாவது வேண்டுமே. வார்த்தைகள் எந்த வரிசையில் வந்தாலும் சரி, செய்கிறவருக்கு 'கா', படுவதற்கு 'மோ', கருவிக்குத் 'தி' என்று மூன்று விகுதி போதும் என்றிருந்தேன். நேற்று ஊடை நூல் அறுந்து தறி நின்றது. 'நூல் அறுந்தது' என்று என் மொழியில் எழுத உட்கார்ந்தால் முழிக்கிறேன். நூல் ஒன்றும் செய்யவில்லையே, அதற்கு எப்படிக் 'கா' போடுவது? 'எனக்குப் பசிக்கிறது' அதைவிட மோசம். என்ன பண்ணலாமுங்க?

கோபிக்காரர்:
எழுவாய் வேறு, செய்கிறவர் வேறுங்க, நீங்கள் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டீர்கள். தமிழில் நூல்தான் எழுவாய், ஆனால் விஷயம் வினையில் இருக்கிறது: அறுந்தது, அறுத்தது; உடைந்தது, உடைத்தது. 1887-இல் வந்த எஸ்பெராந்தோவும், அதுவும் உங்களுடையதைப் போல ஒருவர் கட்டிய மொழிதான், இப்படித்தான். 'ரோம்பி' என்றால் உடைப்பது, 'இஜ்' சேர்த்து 'ரோம்பிஜி' என்றால் தானாக உடைவது. உங்கள் வினைக்கும் ஒரு ஒட்டு வைத்துவிட்டால் எழுவாய்க்கு ஒரே விகுதி போதும்.

பாவுநூல்:
எனக்கு அது ஒப்பவில்லை. அப்புறம் 'மோ' எதற்கு? நூலுக்கு 'மோ' போடுங்கள், 'கா' இல்லாத வாக்கியம் இருந்துவிட்டுப் போகட்டும். அமெரிக்கப் பழங்குடிகளின் லகோட்டாவில் 'நான்' என்பதே செய்கிறவனானால் 'வ', படுகிறவனானால் 'ம' என்று வினையில் ஒட்டிக்கொள்ளும். பசிக்கு நாலாவதாக ஒரு விகுதி வையுங்கள், கொடுப்பதற்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். பையனுக்குக் கொடுத்தேன், அவிநாசிக்குப் போனேன், எனக்குப் பசிக்கிறது என்று மூன்றுக்கும் நாம் ஒரே 'கு'வைத்தானே போடுகிறோம், யாராவது குழம்புகிறோமா?

கோபிக்காரர்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'நாடா நூலை அறுத்துவிட்டது' என்றால்? நாடா, அதாவது தறியில் ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற கட்டை, ஒரு கருவி, வாக்கியத்திலோ அதுதான் எழுவாய். 'கா'வா 'தி'யா?

சோமனூர் தறிக்காரன்:
'தி'தானுங்க. உயிருள்ளதற்கு மட்டும்தான் 'கா' என்று இப்போதே எழுதி வைத்துவிட்டேன். நூலுக்கு 'மோ', பசிக்குப் புதிதாக 'ரு'. எங்கள் மேஸ்திரி மட்டும் நூல் அறுந்தாலும் நாடா அறுத்தாலும் எனக்குத்தான் 'கா' போடுவார்.