புதுப்பிப்பு: எஸ்எஸ்டி மாற்றிய பிறகு விண்டோஸ் ஆக்டிவேஷன் பிரச்சினை தீர்ந்தது

லேப்டாப்பில் பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) போட்டதிலிருந்து, திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று வந்துகொண்டே இருப்பதாகக் கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது, புது கீ (விண்டோஸ் லைசென்ஸுக்கான குறியீடு) வாங்காமலேயே!

விண்டோஸ் 8 காலத்திலிருந்தே, விண்டோஸோடு விற்கும் லேப்டாப்களில் கீ பெரும்பாலும் மதர்போர்டிலேயே (லேப்டாப்பின் முதன்மைச் சர்க்யூட் பலகை) பதிந்திருக்கும். டிஸ்க்கை மாற்றினாலும் அது போகாது. பிறகு ஏன் ஏற்கவில்லை? லேப்டாப்போடு வந்தது விண்டோஸின் ஹோம் எடிஷன் (பதிப்பு). எஸ்எஸ்டி போட்ட கடையில் ஏற்றியிருந்தது ப்ரோ எடிஷன்; ஹோம் கீ அதற்குச் செல்லாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் போனால் எடிஷன் தெரியும்.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை (விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைத் தயாரிக்கும் மென்பொருள்) இறக்கி, பென்டிரைவ் வழியாக ஹோமையே மறுபடி நிறுவினேன். கீ கேட்கவே இல்லை. வைஃபை கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆனது.

தயவுசெய்து அவசரப்பட்டு மலிவு விலைக் கீ வாங்காதீர்கள், முதலில் எடிஷனைப் பாருங்கள். மதர்போர்டை மாற்றப்போகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள்.